ஓடாமலே குடிக்கும் வண்டி

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களின் மேலான பார்வைக்கு,

உங்கள் மாமனார் ஆசிகளோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கள் அத்தையும் நலம்தான், ஆனால் என்னோடு பேசுவதில்லை. மாடியில் குடியிருக்கும் தையல்காரரும் நலம், அவரும் என்னோடு பேசுவதில்லை. நீங்கள் இருவரும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, என்னைப் பிடித்திருப்பது போன்ற தொல்லை எதுவும் உங்களைப் பிடிக்காமல் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். இதையெல்லாம் போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் பேசினால் உங்கள் அத்தை அடுப்படியிலிருந்தே ஒரு காதை நீட்டிவிடுவாள். இது அவள் காதுக்குப் போகக் கூடாத சங்கதி. அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மாற்றலாகிப் போகும்போது எங்களுக்கு அன்போடு விட்டுச் சென்ற காரை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். வண்டி இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது, ஆகையால் உங்கள் சம்மதமும் ஒரு கையெழுத்தும் வேண்டும். பழைய வண்டி வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, டயரை ஒரு உதை உதைத்து, மாதக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் தலை மறைந்ததும் உங்கள் அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "வண்டி கேட்டைத் தாண்டட்டும், நானும் தாண்டுறேன். எங்க அண்ணன் வீட்டுல எனக்குன்னு ஒரு கட்டில் எப்பவும் இருக்கு" என்றாள். அதோடு பேச்சு நின்றுபோனது. இப்போது எங்களுக்குள் தகவல் தொடர்பு முழுக்கப் பாத்திரங்கள் வழியாகத்தான். டம்ளரை மெதுவாக வைத்தால் சாப்பிட வரலாம். ணங்கென்று வைத்தால் தட்டை நானே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். எனக்குப் புரியாதது என்னவென்றால், அவள் அந்தக் காரில் ஏறுவதே அபூர்வம். ஏறினால் இரண்டாவது திருப்பத்திலேயே குமட்டுகிறது என்று கண்ணை மூடிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் அந்த வண்டிக்காகப் பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்கிறாள். நீங்களே சொல்லுங்கள், இது நியாயமா?

உங்களைக் குறை சொல்வதாகத் தயவுசெய்து நினைக்க வேண்டாம். வண்டி வந்த புதிதில் தங்கமாகத்தான் இருந்தது. வயதான வண்டிதான், ஆனாலும் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுத்தது. நான் கணக்குப் பார்க்கும் விதம் உங்களுக்குத் தெரியும். டேங்கைக் கழுத்துவரை நிரப்புவேன், ஓடிய தூரத்தைக் குறித்துக்கொள்வேன், மறுபடி கழுத்துவரை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பார்ப்பேன். இதில் தப்பு வர வழியே இல்லை. அப்படிப்பட்ட கணக்கில் பதினைந்து பன்னிரண்டாயிற்று. சரி, வெயில் காலம் என்று விட்டேன். பன்னிரண்டு ஒன்பதாயிற்று. அன்றைக்குத்தான் எனக்குச் சுருக்கென்றது. குடிநீர் வாரியத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் பார்த்தே தலை நரைத்தவன் நான். தண்ணீரானாலும் பெட்ரோலானாலும், கணக்கு இடித்தால் மூன்றே காரணம்தான் இருக்க முடியும். கசிவு, திருட்டு, மீட்டர் கோளாறு. ஒவ்வொன்றாகப் பிடித்துவிடுவது என்று வேட்டியை மடித்துக் கட்டினேன்.

முதலில் கசிவு. காருக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்தால் ஒரு சொட்டு விழுந்தாலும் தெரிந்துவிடும் அல்லவா, பீரோவில் கைக்கு அகப்பட்ட ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்து விரித்தேன். அது பிரிக்காமல் வைத்திருந்த புது விரிப்பு என்பது எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் பார்த்தால் பெட்ரோல் ஒரு சொட்டு இல்லை, பக்கத்து வீட்டுப் பூனை மட்டும் ஈரக் காலோடு வந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து போயிருந்தது. குழாய் எங்காவது வியர்க்கிறதா பார்ப்போம் என்று நானே அடியில் புகுந்தேன். புகுந்தது சுலபமாக இருந்தது. வயிற்றுப் பக்கம் ஏதோ ஒரு கம்பியில் மாட்டிக்கொண்டு, போகவும் முடியாமல் வரவும் முடியாமல், உங்கள் அத்தையைக் கூப்பிட்டால் விரிப்பு விஷயம் வெளியே வந்துவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். கடைசியில் தையல்காரர்தான் மாடியிலிருந்து என் காலைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, இரண்டு காலையும் பிடித்து இழுத்து வெளியே போட்டார். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. ஆனால் அடுத்த வாரமே அவரைச் சந்தேகப்பட வேண்டியதாகிவிட்டது.

இரண்டாவது காரணம் திருட்டு அல்லவா. பெட்ரோல் மூடியைச் சுற்றி முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவைத்தேன். தொடுகிறவன் விரலில் ஒட்டிக்கொள்ளும், எங்கே போய்விடுவான் என்று காலையிலேயே வாசலில் நாற்காலி போட்டுக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பால்காரர் கையைப் பார்த்தேன், சுத்தம். பேப்பர் போடுகிறவர் கை, மையாக இருந்தது, ஆனாலும் சுத்தம். அடுத்தபடியாகத் தையல்காரர் மாடிப்படியில் இறங்கி வருகிறார், வலது கை ஐந்து விரலும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. எனக்கு எப்படி இருந்திருக்கும் யோசித்துப் பாருங்கள். ஒரே பாய்ச்சலில் போய் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "எத்தனை நாளா நடக்குது இது?" என்றேன். அவர் பயந்துபோய், "அண்ணே, இது துணியில கோடு போடுற சாக்குக் கட்டிண்ணே" என்றார். "உங்க ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் எங்கிருந்து வருது, சொல்லுங்க" என்றேன். "அது சார்ஜ் போட்டு ஓட்டுற வண்டிண்ணே. உங்க பெட்ரோலை எடுத்து நான் எங்கண்ணே ஊத்துவேன்?" என்றார். மாப்பிள்ளை, எத்தனையோ மாதமாக அந்த ஸ்கூட்டர் என் கண் முன்னால் சத்தமே இல்லாமல் போய் வருகிறது. மனிதர் வண்டியை நன்றாகப் பராமரிக்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அவர் படியில் என்னைக் கண்டால் கையைப் பைக்குள் விட்டுக்கொள்கிறார். உங்கள் அத்தை தைக்கக் கொடுத்த துணியெல்லாம் மாடியில் வெட்டாமலே கிடக்கிறது.

மூன்றாவது, மீட்டர். நம் வண்டி மீட்டரை ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. அப்படியானால் பெட்ரோல் பங்க்காரன்தான் என்று முடிவு கட்டி, போய், "அளந்து காட்டினாத்தான் நகருவேன்" என்று பம்புக்குக் குறுக்கே நின்றேன். பின்னால் நின்ற வண்டிக்காரர்களெல்லாம் ஹாரனைப் பிழிந்தெடுத்தார்கள். மேனேஜர் நல்ல மனிதர், கோபப்படாமல் முத்திரை போட்ட அளவுப் பாத்திரத்தை எடுத்து வந்து அத்தனை பேர் முன்னாலும் பிடித்துக் காட்டினார். பெட்ரோல் கோட்டிலே வந்து நின்றது, மேலேயும் இல்லை கீழேயும் இல்லை. "திருப்திதானே சார்?" என்று கேட்டார். எனக்குத் திருப்தியே இல்லை. கொஞ்சம் குறைந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன்.

ஆக மூன்றும் கைவிட்டதும், வண்டிக்கே ஏதோ உள்வியாதி என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். எங்கள் தெருவில் அவருக்குச் சைலன்சர் என்று பெயர், ஏனென்றால் வாயைத் திறந்து பேசவே மாட்டார். அவரும் பொறுமையாக எல்லாம் பார்த்தார். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார், அதிலிருந்து கொட்டிய மண்ணில் ஒரு செடி நடலாம். பிளக்கைத் துடைத்தார். டயரில் காற்று குறைவாக இருந்தது, அடித்தார். பின்சக்கரம் ஒன்றில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது, அதையும் இளக்கிவிட்டார். டேங்கை நிரப்பி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊர் எல்லை வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்து மறுபடி நிரப்பினார். பதினைந்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. சந்தோஷத்தில் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், சட்டையெல்லாம் கிரீஸ். அந்தச் சந்தோஷம் வண்டி வீட்டுக்கு வரும் வரைதான். அடுத்த முறை நிரப்பும்போது எட்டு. மறுபடி ஓடினேன். அவர் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரோட்டுல குடிக்கல சார். வீட்டுல நிக்கும்போதுதான் குடிக்குது" என்றார். அவர் பேசி நான் கேட்ட நீளமான வாக்கியம் அது. கூடவே இன்னும் இரண்டு கோளாறு இருக்கிறது என்று சொன்னேன். ஓட்டுகிற இருக்கை ஒவ்வொரு முறையும் தானாகவே பின்னால் சாய்ந்துகொள்கிறது. ஏசியை நான் தொடுவதே இல்லை, ஆனாலும் சாவியைத் திருப்பியதும் முழு வேகத்தில் சீறுகிறது. ஸ்பிரிங் போய்விட்டதா, ஒயரிங் போய்விட்டதா என்று கேட்டேன். சைலன்சர் சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். "வீட்டுல கேட்டுப் பாருங்க சார்" என்றார்.

வீட்டில் என்ன இருக்கிறது? கார் நிற்கும் இடத்துக்கு மேலே தகரக் கூரை இருக்கிறது. வெயிலில் தகரம் காய்ந்து, அந்தச் சூட்டில் பெட்ரோல் ஆவியாகப் போகிறது, அதைத்தான் குறிப்பால் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். பெட்ரோல் டேங்க் பக்கமாக ஈரச் சாக்கு போர்த்தினேன். பிரயோசனமில்லை, சாக்கு நாற்றம் வண்டிக்குள் ஏறியதுதான் மிச்சம். சரி, பாரத்தையாவது குறைப்போம் என்று டிக்கியில் இருந்ததையெல்லாம் இறக்கினேன். மேம்பாலத்தின் ஏற்றம் வந்ததும் உங்கள் அத்தையை மட்டும் இறங்கி நடந்து வரச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் போய்க் காத்திருந்தேன். அவள் ஏறி இறங்கி மூச்சு வாங்க வந்து கதவைத் திறந்து, "ஏங்க, நான் என்ன அரிசி மூட்டையா?" என்று கேட்டாள். மூட்டையை இறக்கினால் மறுபடி ஏற்ற வேண்டும், நீ தானாக ஏறிக்கொள்கிறாய் என்று சொன்னேன். சமாதானமாகத்தான் சொன்னேன். அது ஏனோ சமாதானமாகப் போய்ச் சேரவில்லை.

கடைசியில் அவசரத்துக்குத் தவிர காரையே தொடக்கூடாது என்று முடிவெடுத்தேன். வாரத்துக்கு ஒரு நாள் காரில் போய்க்கொண்டிருந்த ஓய்வு பெற்றோர் சங்கத்துக்கு இப்போது தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் நடந்தே போகிறேன், கேரம் ஆடுகிறேன், வெயில் தாழ்ந்ததும் நடந்தே வருகிறேன். உடம்பு இளைத்துவிட்டது. கார் மட்டும் நிழலில் சுகமாக நிற்கிறது. இப்போது என்ன மைலேஜ் என்று நினைக்கிறீர்கள்? ஆறு. வேலை குறையக் குறைய அதிகமாகத் தின்னும் இப்படியொரு பிறவியை நான் எங்கள் அலுவலகத்தில்கூடப் பார்த்ததில்லை. சங்கத்தில் முறையிட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர், "கட்டிப் போட்டா அப்படித்தான் சார் தீனி கூடும், கழுத்தைக் கொஞ்சம் தடவிப் பாருங்க, கட்டி கிட்டி இருக்கா" என்று ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். அவர் காரைப் பற்றிப் பேசுவதாக நினைத்தாரா, மாட்டைப் பற்றிப் பேசுவதாக நினைத்தாரா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. எப்படியோ, அன்று வீட்டுக்கு வந்ததும் வந்து நின்ற இடத்திலேயே வியாபாரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

மாப்பிள்ளை, அன்போடு கொடுத்த பொருளை விற்பது முறையல்ல என்று எனக்கும் தெரியும். கொடுத்த உங்கள் மனசு பெரிது, வாங்கிக்கொண்ட வண்டியின் வயிறு அதைவிடப் பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் அத்தையைத் தனியாக நான் சரிக்கட்டிக்கொள்கிறேன், நீங்கள் மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். என் மகளிடம் இப்போதைக்கு மூச்சு விட வேண்டாம், அவள் அம்மா பக்கம் சாய்ந்துவிடுவாள். எல்லா நலமும் உங்கள் வீட்டில் குடியேறி வாடகை தராமல் நிரந்தரமாகத் தங்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் நீங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம், ஆனால் இவ்வளவு தாளும் வீண். அதனால் உறையைப் பிரித்துக் கீழே எழுதுகிறேன். கடிதத்தை எடுத்துக்கொண்டு இன்று மத்தியானம் கிளம்பினேன். தபால் நிலையத்துக்குப் பக்கத்தில் போன பிறகுதான் உறையில் உங்கள் விலாசம் எழுதவில்லை என்று பார்த்தேன், திரும்பினேன். இப்போதெல்லாம் இந்த நேரத்தில் நான் வீட்டில் இருப்பதே இல்லை. கேட்டைத் திறந்தால் தகரக் கூரைக்குக் கீழே கார் உறுமிக்கொண்டிருக்கிறது. திருடன் அகப்பட்டான் என்று குடையை ஓங்கிக்கொண்டு சுவரோரமாகப் பதுங்கிப் பதுங்கிப் போய் எட்டிப் பார்த்தேன். உங்கள் அத்தை. ஓட்டுகிற இருக்கையைப் பின்னால் சாய்த்துப் போட்டு, இரண்டு காலையும் ஸ்டியரிங்குக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, போனைக் காதில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வீட்டுக்குத்தான் கிளம்பிவிட்டாளோ என்று முதலில் நினைத்துவிட்டேன். இவளுக்கு ஓட்டத் தெரியாது என்பதுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை.

கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினாள். "எங்க கிளம்பிட்ட?" என்றேன். "எங்கயும் கிளம்பல. நம்ம பொண்ணோட பேசிட்டிருக்கேன்" என்றாள். வீட்டுக்குள் உட்கார்ந்து பேசினால் என்ன என்று கேட்டேன். "வீட்டுக்குள்ளயா? நீங்க இருந்தா போனைப் பிடுங்கி, சாப்ட்டியா, உடம்பு எப்படி, சரி வைன்னு மூணே வார்த்தையில முடிச்சு வெச்சிருவீங்க. நீங்க இல்லாட்டி மேல தையல் மிஷின் தலையில ஓடுது. ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீடு. இதுக்குள்ளதான் ஏசியும் இருக்கு, நாலு வார்த்தை நிம்மதியாப் பேசவும் முடியுது. முன்னாடி வாரத்துல ஒரு நாள் சங்கத்துக்குப் போவீங்க, அதுவும் இதை எடுத்துக்கிட்டு. நீங்க கடை கண்ணிக்கு நடந்து போற நேரத்துலதான் பேச முடியும். இப்ப தினமும் நடந்து போறீங்க, தினமும் பேசுறேன்" என்றாள். ஓய்வு பெறும் வரை எத்தனை வாசலில் நின்று, "யாரோ உங்க வீட்டு ஆளுதாம்மா தண்ணியைச் செலவு பண்ணிருப்பாங்க" என்று சொல்லியிருப்பேன். என் வாசலில் நின்று ஒரு தடவை சொல்லத் தோன்றவில்லை. சைலன்சருக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டால், தையல்காரருக்கும் தெரியுமாம். அவர் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை.

ஏறி உட்காருங்கள் என்றாள். பின்சீட்டில், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. உட்கார்ந்தேன். கதவை வேகமாகச் சாத்தினால் ஏசி வீணாகாது என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை, அதுவும் மெதுவாகத்தான் சொன்னேன். போனிலிருந்து என் மகள் குரல் கேட்டது. யாரோ ஒரு மேலதிகாரி பேசுவது மாதிரி, இருமுவது மாதிரி, தும்முவது மாதிரி செய்து காட்டிக்கொண்டிருந்தாள். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. என்னிடம் அவள், "நல்லாருக்கேன்ப்பா, வேலை பரவால்லப்பா, சரிப்பா" என்பதற்கு மேல் பேசியதே இல்லை. நானும் அதுதான் அவள் குரல் என்று இருந்துவிட்டேன். இவ்வளவு சிரிக்கக்கூடிய ஒரு பெண் எனக்கு இருக்கிறாள் என்று இன்றைக்குத்தான் தெரியும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கண் கலங்கிவிட்டது. உங்கள் அத்தை முன்னால் இருக்கும் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, போனை என் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள். வியாபாரிக்கு வண்டி இல்லை என்று சொல்லி அனுப்பியாயிற்று. கையெழுத்து வேண்டாம். நாளை முதல் சங்கத்துக்கு லீவு.

இன்னும் ஒரே ஒரு விஷயம், இதை நான் சொன்னதாக வெளியே தெரிய வேண்டாம். பேச்சுவாக்கில் என் மகள் சொன்னாள், நீங்கள் வாங்கிய புது வண்டியும் மைலேஜ் தரவில்லையாம், ஷோரூம்காரரோடு தினமும் மல்லுக்கட்டுகிறீர்களாம், காரை அலுவலகத்துக்கு எடுத்துப்போகும் அவளிடமே புலம்புகிறீர்களாம். ஏம்மா அப்படி என்று நிபந்தனையை மீறிக் கேட்டுவிட்டேன். "நான் மட்டும் எங்க உக்காந்து பேசுவேன்ப்பா? ஆபீஸ் வாசல்ல, இதே மாதிரி, வண்டியை ஆன் பண்ணி வெச்சுக்கிட்டுத்தான்" என்றாள். ஆகவே மாப்பிள்ளை, அந்த ஷோரூம்காரரை விட்டுவிடுங்கள், பாவம். டேங்கை மட்டும் கழுத்துவரை நிரப்பி வையுங்கள்.